காசு வாங்கியவர் யாருக்கு ஓட்டுப் போட்டார்?

2019 ஏப்ரல் 18 அன்று தமிழ்நாட்டின் 18 சட்டமன்றத் தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் வாக்காளர்கள் ஒரே வரிசையில் நின்று இரண்டு ஓட்டுப் போட்டார்கள். மக்களவைக்கு ஓர் இயந்திரம், சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு இன்னோர் இயந்திரம். மே 23இல் எண்ணிப் பார்த்தபோது தருமபுரி மக்களவைத் தொகுதியில் திமுக வென்றிருந்தது. அதற்குள் அடங்கிய அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்றத் தொகுதிகளிலோ அதிமுக வென்றிருந்தது. தேனியில் இதற்கு நேர்மாறு. அந்தத் தேர்தலில் அதிமுகவுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே மக்களவைத் தொகுதி தேனி. அதற்குள் இருந்த ஆண்டிபட்டியையும் பெரியகுளத்தையும் திமுக எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதம் நடந்த நான்கு இடைத்தேர்தல்களையும் சேர்த்தால் 22 இடங்களில் அதிமுக ஒன்பதைப் பிடித்தது. எடப்பாடி பழனிசாமியின் ஆட்சி நீடிக்குமா என்பது அந்த இடைத்தேர்தல்களைப் பொறுத்தே இருந்தது, அது நீடித்தது. மக்களவையில் அதே கட்சிக்கு 39இல் ஒன்றுதான். டெல்லிக்கு யார் என்ற கேள்விக்கு ஒரு பதிலும், கோட்டையில் யார் என்ற கேள்விக்கு வேறொரு பதிலும் சொன்ன வாக்காளர்கள் கணிசமாக இருந்திருக்காவிட்டால் இந்த இரண்டு முடிவுகளும் ஒரே நாளில் வந்திருக்காது.

ஒவ்வொரு தேர்தலும் முடிந்த மறுநாள் படித்தவர்களின் பேச்சில் ஒரு தீர்ப்பு காதில் விழும்: “காசு வாங்கிக்கொண்டு போடுகிற ஜனம்.” அது ஓய்ந்தால், “சாதி பார்த்துத்தான் போடுகிறார்கள்.” இந்த இரண்டு வாக்கியங்களையும் என்னால் ஏற்க முடியவில்லை. அவற்றில் உண்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. காசும் சாதியும் இருக்கின்றன, பலமாகவே இருக்கின்றன. ஆனால் அவை மட்டுமே காரணம் என்றால், அரூர்க்காரரின் கை ஒரே நிமிடத்தில் இரண்டு விதமாக நகர்ந்ததை எப்படி விளக்குவது?

இந்தப் பழக்கம் புதிதும் அல்ல. 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் திமுக-காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டில் 37 இடங்களை வென்றது. முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரின் கட்சிக்குக் கிடைத்தவை கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். பிப்ரவரியில் அவருடைய ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தது; அதே மக்கள் அதிமுகவுக்கு 129 இடங்களைக் கொடுத்து அவரைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நடுவில் நான்கே மாதம்.

அந்த நான்கு மாதத்தில் நடந்த ஒரு விஷயத்தை இன்று அதிகம் பேர் நினைவில் வைத்திருப்பதில்லை. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேற்பட்ட பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இடஒதுக்கீடு கிடையாது என்று ஆணை போட்டிருந்தது. ஜனவரித் தோல்விக்குப் பிறகு அந்த ஆணை விலகியது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தது. பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் விழுந்த அடி, மாநில அரசின் ஓர் ஆணையைத் திருத்தியது.

2004இலும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தது, மதமாற்றத் தடைச் சட்டம், விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கைவைத்தது என்று ஜெயலலிதா அரசின் கணக்கில் பல இருந்தன. பாஜகவுடன் சேர்ந்து மக்களவைத் தேர்தலைச் சந்தித்த அதிமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 39ம் திமுக அணிக்குப் போயின. முடிவு வந்த சில நாட்களுக்குள் மதமாற்றத் தடைச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது, இலவச மின்சாரம் திரும்ப வந்தது, ஊழியர்கள் மீதான நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. டெல்லியில் வாஜ்பாய் அரசும் அதே தேர்தலில் வீழ்ந்தது. அந்த அரசின் “இந்தியா ஒளிர்கிறது” விளம்பரத்தை நம்பியவர்கள் அதை வெளியிட்டவர்கள்தான்.

நாடாளுமன்றத் தேர்தல் என்று பெயர் இருந்தாலும் அதில் எதைத் தீர்ப்பது என்று முடிவு செய்பவர் வாக்காளர்தான். சில சமயம் டெல்லியை மட்டும் பார்க்கிறார். சில சமயம் கோட்டைக்குச் சொல்ல வேண்டியதை டெல்லி வழியாகச் சொல்லி அனுப்புகிறார். எப்போது எதைச் செய்கிறார் என்பதைத் தீர்மானிப்பது, எது அவர் வீட்டு வாசல்வரை வந்தது என்பதுதான்.

1977ஐப் பாருங்கள். நெருக்கடி நிலைக்குப் பிறகு நடந்த தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பிஹாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸுக்கு ஓர் இடம்கூட இல்லை. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். அதே தேர்தலில் ஆந்திரத்தின் 42இல் 41ஐக் காங்கிரஸ் வென்றது. தமிழ்நாட்டில் காங்கிரஸ் சேர்ந்திருந்த அதிமுக அணிக்கு 34 இடங்கள். தெற்கத்தியருக்கு ஜனநாயகத்தின் மீது அக்கறை இல்லை என்று அன்று வடக்கே சிலர் பேசினார்கள். அது தவறான வாசிப்பு. 1976-77இல் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை நடந்தது. அதில் வற்புறுத்தலும் போலீஸும் கூட்டமாக வந்து ஆட்களைப் பிடித்துப்போனதும் வடக்கில்தான் ஊர் ஊராக நடந்தன. இங்கேயும் 1976 ஜனவரியில் திமுக ஆட்சியைக் கலைத்தார்கள், அரசியல்வாதிகளைச் சிறையில் அடைத்தார்கள். கட்சிக்காரர்களின் வீடுகளில் அது பேரிடி. ஆனால் கட்சியில் இல்லாத குடும்பத்தின் வாசலுக்கு, வடக்கே முசாஃபர்நகரில் வந்த பயம் இங்கே வரவில்லை. ஒரே நாடு, ஒரே ஆட்சி, ஒரே 21 மாதம். பட்டவர் வேறு, ஓட்டும் வேறு.

2019இலும் அப்படித்தான். புல்வாமாவும் பாலகோட்டும் வடமாநிலங்களில் தேர்தலின் மையமாயின. இங்கே நீட் தேர்வும், தூத்துக்குடி துப்பாக்கிச் சூடும், கஜா புயலில் தென்னையை இழந்த டெல்டாவும் பேச்சாக இருந்தன. 2018 டிசம்பரில் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் மூன்றிலும் காங்கிரஸை ஆட்சியில் அமர்த்திய மக்கள், ஐந்தே மாதத்தில் அந்த மூன்று மாநிலங்களின் 65 மக்களவைத் தொகுதிகளில் மூன்றை மட்டுமே காங்கிரஸுக்குக் கொடுத்தார்கள். அவர்களை மறதிக்காரர்கள் என்று சொல்ல முடியாது. முதல்வரை மாற்ற வேண்டும் என்று ஒரு முடிவு, பிரதமரை மாற்ற வேண்டாம் என்று இன்னொரு முடிவு. இரண்டையும் அவர்கள் தனித்தனியாகவே எடுத்தார்கள்.

சாதிக்கு வருகிறேன். வேட்பாளர் தேர்வில் சாதியைப் பார்க்காத கட்சி இல்லை. தொகுதியில் எந்தச் சமூகம் எத்தனை ஆயிரம் என்ற கணக்கை மாவட்டச் செயலாளர் விரல் நுனியில் வைத்திருப்பார். ஆனால் எல்லாக் கட்சியும் ஒரே சமூகத்து ஆளை நிறுத்திவிட்டால் சாதி அங்கே எதையும் தீர்ப்பதில்லை. தருமபுரியையே எடுத்துக்கொள்வோம். 2014இல் அங்கே பாமகவின் அன்புமணி வென்றார். 2019இல் தோற்றார். 2024இல் சௌமியா அன்புமணி நின்றார், அவரும் தோற்றார். பத்தாண்டுகளில் தொகுதியின் சாதிக் கணக்கு மாறிவிடவில்லை. மாறியது, யாரோடு யார் கூட்டணி என்பதும் அந்தக் கூட்டணியைப் பற்றி மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதும். அதே 2024இல், அயோத்தியை உள்ளடக்கிய பைசாபாத் பொதுத் தொகுதியில், ராமர் கோயில் திறந்து ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில், தலித் சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத் பாஜகவைத் தோற்கடித்தார். அரசமைப்புச் சட்டத்தை மாற்றிவிடுவார்கள், இடஒதுக்கீடு போய்விடும் என்ற அச்சம் அங்கே சாதிகளைக் கடந்து பரவியிருந்தது. அரசியலறிஞர் ரஜினி கோத்தாரி 1970லேயே சொன்னது இதுதான்: சாதி அரசியலைப் பிடித்துக்கொள்கிறது என்று நாம் புலம்பும்போது, அரசியலும் சாதியைப் பிடித்து உருமாற்றிக்கொண்டிருக்கிறது.

உணர்ச்சி என்ன செய்கிறது? இதில் 2009ஐ நான் மறக்க முடியாது. முள்ளிவாய்க்காலில் மக்கள் செத்துக்கொண்டிருந்த அதே நாட்களில் இங்கே பிரசாரம் நடந்தது. ஏப்ரல் 27 அன்று முதல்வர் கருணாநிதி மெரினாவில் உண்ணாவிரதம் இருந்தார். ஜெயலலிதா தனி ஈழம் அமைப்பேன் என்று மேடைகளில் பேசினார். மே 13 வாக்குப்பதிவு, 16 முடிவு. அடுத்த சில நாட்களில் அங்கே எல்லாம் முடிந்தது. திமுக-காங்கிரஸ் அணி 27, அதிமுக அணி 12. தமிழ்நாட்டு மக்களுக்கு ஈழம் ஒரு பொருட்டே இல்லை என்று இந்தக் கணக்கைக் காட்டிப் பலர் எழுதினார்கள். அதை நான் ஏற்கவில்லை. சேலத்தில் தங்கபாலு, ஈரோட்டில் இளங்கோவன், மயிலாடுதுறையில் மணிசங்கர் அய்யர் என்று காங்கிரஸின் முகங்கள் வரிசையாக விழுந்தன. சிவகங்கையில் உள்துறை அமைச்சர் சிதம்பரம் மூவாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தப்பினார். கோபம் யார் மீதோ அவர்களைத் தேடிப் போய்த் தொட்டது. அதே நேரத்தில், விடுதலைப் புலிகளை எதிர்ப்பதையே பல ஆண்டுகள் அரசியலாக வைத்திருந்த ஜெயலலிதாவின் திடீர் வாக்குறுதியை மக்கள் முழுதாக நம்பிவிடவில்லை. ஒரு ரூபாய் அரிசி ரேஷன் கடையில் இருந்தது. தனியாக நின்ற தேமுதிக சுமார் 10 சதவீத வாக்குகளைப் பிரித்தது. துக்கம் இருந்தது, அதை ஒப்படைக்க நம்பகமான கை இல்லை.

ஒரு ரூபாய் அரிசி என்றதும், இலவசம்தான் எல்லாவற்றையும் தீர்க்கிறது என்பார்கள். 2019 பொங்கலுக்கு அதிமுக அரசு ஏறக்குறைய எல்லா ரேஷன் கார்டுகளுக்கும் 1,000 ரூபாய் கொடுத்தது. பிப்ரவரியில் ஏழைக் குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் அறிவித்தது. மத்திய அரசு விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் திட்டத்தைத் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும் 38 இடங்களில் அதிமுக-பாஜக அணியைத் தோற்கடித்தார்கள். அரசு கொடுப்பதை மக்கள் தமக்குச் சேர வேண்டியதாகப் பார்க்கிறார்கள். நன்றிக்கடனாகப் பார்ப்பது குறைவு. அது ஆரோக்கியமான பார்வை என்றே நினைக்கிறேன்.

இப்போது கவருக்கு, அதாவது ஓட்டுக்குக் கொடுக்கும் பணத்துக்கு, வருகிறேன். வேலூர் மக்களவைத் தேர்தலை 2019 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு, பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். மக்களவைத் தேர்தல் ஒன்று அந்தக் காரணத்துக்காக ரத்தானது நாட்டில் அதுவே முதல்முறை. வேட்பாளரின் செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய் என்று இன்று சட்டம் சொல்கிறது. ஒரு தொகுதியில் 15 லட்சம் வாக்காளர் இருக்கும்போது பட்டுவாடாவுக்கு முன்னால் அந்த வரம்பு எந்த மூலைக்கு? இது குற்றம். கொடுப்பவர் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் வாங்குகிறவரின் நிலையில் இருந்தும் பாருங்கள். கிளைச் செயலாளர் வீடு வீடாக வருகிறார். தெருவில் எல்லோரும் வாங்குகிறார்கள். ஒரு வீடு மட்டும் “வேண்டாம்” என்று சொன்னால் அது எதிர்க்கட்சி வீடு என்று அன்றே எழுதிவைக்கப்படும். நாளைக்கு வீட்டுமனைப் பட்டாவோ முதியோர் உதவித்தொகையோ நூறு நாள் வேலையோ கேட்டுப் போகும்போது அந்தக் குறிப்பு முன்னால் வந்து நிற்கும். இரண்டு கட்சியிடமும் வாங்கிக்கொள்வது ஏழை வாக்காளர் தன் மனதை மறைத்துக்கொள்ளும் வழியும்தான். கொடுப்பவருக்கும் இது தெரியும். எதிராளி கொடுக்கும்போது நாம் கொடுக்காவிட்டால் தோற்றுவிடுவோம் என்ற பயத்தில் கொடுக்கிறார்கள். ஓட்டு விழும் என்ற நிச்சயம் அவர்களிடமே இல்லை. இரண்டு தரப்பும் கொடுத்த இடத்தில் பிறகு எது தீர்மானிக்கிறது? நாம் மேலே பார்த்தவைதான்: விலைவாசி, வேலை, அவமானம், பயம், தலைவர் மீதான நம்பிக்கை.

2024 தேர்தலுக்கு முன் லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் நடத்திய ஆய்வில் 27 சதவீதம் பேர் வேலையின்மையையும் 23 சதவீதம் பேர் விலைவாசியையும் முதன்மைப் பிரச்சினையாகச் சொன்னார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் அந்த இரண்டுக்கும் கிடைத்த நேரம் எவ்வளவு என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜூன் 1 மாலை வந்த கருத்துக் கணிப்புகள் பெரும்பாலும் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் போட்டன. வந்தது 293, பாஜகவுக்குத் தனியாக 240. வாசலில் வந்து கேட்ட முன்பின் தெரியாத ஆளிடம் உண்மையைச் சொல்லாதவர்கள் பலர். ஏன் சொல்ல வேண்டும்? கணவரிடம் சொல்லாத பெண்கள் இருக்கிறார்கள், முதலாளியிடம் சொல்லாத தொழிலாளிகள் இருக்கிறார்கள். 1952 முதல் தேர்தலில், சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்ததால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டன. 2019இல் பெண்களின் வாக்குப்பதிவு சதவீதம் ஆண்களை எட்டித் தாண்டியது. அந்த இடைவெளியில் பெண்கள் சம்பாதித்ததில் முக்கியமானது, யாருக்கும் கணக்குச் சொல்லாத அந்த மறைப்புக்குள் அரை நிமிடம் தனியாக நிற்கும் உரிமை. காசை வாங்கிக்கொண்டு மனசாட்சிப்படி போட முடிவதும், சொந்தச் சாதிக்கு எதிராகப் போட முடிவதும் அதனால்தான்.

அந்த ரகசியத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

தனி ஆளின் ஓட்டு வெளியே தெரியாது. ஆனால் ஒவ்வொரு பூத்திலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை விழுந்தது என்பது வாக்கு எண்ணும் அன்றே முகவர்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு படிவம் 20இல் அதிகாரபூர்வமாக வெளிவரும். ஒரு பூத் என்பது சுமார் ஆயிரம் பேர். நம் ஊர்களில் ஊரும் தலித் மக்கள் வசிக்கும் காலனியும் தனித்தனி, பல இடங்களில் பூத்தும் தனித்தனி. ஆகவே பூத் கணக்கு வெளியே வந்தால் காலனியின் கணக்கு வெளியே வந்துவிட்டது என்று பொருள். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண தேர்தல் நடத்தை விதிகளின் 59ஏ பிரிவு இடம் கொடுத்தது. 2004 முதல் நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் இயந்திரத்துக்கு வந்ததும் அந்தக் கலவை போய்விட்டது.

இது வெறும் ஊகமான ஆபத்து இல்லை. 2019இல் சுல்தான்பூரில் போட்டியிட்ட மேனகா காந்தி, தங்களுக்கு விழுந்த ஓட்டைப் பொறுத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து அந்த வரிசையில் வேலை செய்வோம் என்று மேடையிலேயே பேசினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. அவர் வாய்விட்டுச் சொன்னார். சொல்லாமல் செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஊராட்சியில் வேண்டுமானாலும் விசாரிக்கலாம். ஏன் சாலை எங்கள் தெருமுனையோடு நின்றது, ஏன் குடிநீர்க் குழாய் இந்தப் பக்கம் வரவில்லை என்று கேட்டால் பூத் எண்ணைப் பதிலாகச் சொல்வார்கள். அதே 2019 வாக்குப்பதிவு நாளில் சிதம்பரம் தொகுதியில், அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகள் தாக்கப்பட்டன. அங்கே போட்டியிட்ட திருமாவளவனின் பானைச் சின்னத்துக்கு யார் போடுவார்கள் என்று தாக்கியவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அவர் வென்றது 3,219 வாக்குகளில்.

இதற்குத் தீர்வு கண்டுபிடிக்கப்பட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. டோட்டலைசர் என்று ஒரு கருவி: 14 பூத்துகளின் இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும். 2008இல் தேர்தல் ஆணையம் இதைப் பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்திலும் எதிர்த்தது. பூத் வாரியான கணக்கு இருந்தால்தான் எங்கே பலவீனம் என்று கட்சிகள் அறிந்து அங்கே பணி செய்ய முடியும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கட்சிக்கு வசதி என்பதற்காகத் தெருவைக் காட்டிக்கொடுக்க முடியுமா?

எதிர்ப்பில் ஒரு நியாயமான கவலையும் உண்டு. பூத் கணக்கு மறைந்தால் மோசடியைக் கண்டுபிடிப்பது கடினமாகும் என்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு பூத்திலும் பதிவான மொத்த ஓட்டு எத்தனை என்பதைச் சொல்லும் படிவம் 17சியை வாக்குப்பதிவு அன்றைக்கே வெளியிடுவதில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. மொத்தம் தெரியட்டும். 14 பூத்துகளின் கூட்டுத் தொகையோடு அது ஒத்துப்போகிறதா என்று எவரும் சரிபார்க்கலாம். மறைய வேண்டியது எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது மட்டும்.

மக்கள் எதைப் பார்த்து வாக்களிக்கிறார்கள் என்று ஆராய்வது நல்லதுதான். பார்த்ததைப் பயமில்லாமல் ஓட்டாக மாற்ற முடிகிறதா என்பதும் அதே அளவு முக்கியமான கேள்வி. 2029 மக்களவைத் தேர்தலுக்கு முன்பாகத் தேர்தல் ஆணையம் தன் 2008 பரிந்துரையை மறுபடி எழுதி அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டின் 39 உறுப்பினர்களும் இதை மக்களவையில் எழுப்ப வேண்டும். சமூகநீதி பேசும் கட்சிகளுக்குக் காலனிப் பூத்தின் ரகசியத்தைவிட நெருக்கமான சமூகநீதிப் பிரச்சினை அதிகம் இருக்க முடியாது. உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதி, டோட்டலைசரை ஆதரிக்கிறீர்களா என்று கேளுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த முறை அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது அதே கேள்வியை வாசலில் வைத்துக் கேளுங்கள்.